முதுகுத் தோலுக்குள் ஒரு சீட்டு

"எந்த மடையன் பார்த்த வேலை இது?"

நூலக இயக்குநர் அந்த முந்நூறு வருடத்துப் புத்தகத்தை பைண்டர் அம்மாளின் மேஜையில் வைத்தார். முதுகுத் தோல் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"தச்சன் கட்டிலுக்குப் போடுற பசை! மாவுப் பசைன்னா ஈரம் பட்டதும் விட்டுக்கொடுக்கும். இது தோலையே உரிக்குது."

"நான் இதைத் தொட்டதே இல்ல சார்."

"பின்னே, பேய் வந்து ஒட்டிச்சா? இதே மேஜையில நாங்க வேலை பார்த்தப்போ புத்தகத்தைப் பச்சைப் புள்ளை மாதிரி தொடுவோம். நீங்கல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு."

பழுது பார்த்தவர் தன் பெயரையும் தேதியையும் எழுதி முதுகுத் தோலுக்குள் வைத்து மூடுவது அங்கே வழக்கம்.

"பிரி. உன் பேர் இருந்தா இன்னைக்கே நடையைக் கட்டு. வேற எவனா இருந்தாலும் பேரை நோட்டீஸ் போர்டுல ஒட்டி நாறடிக்கிறேன்."

அவளுடைய பதினாறு வருட உத்தியோகம். அவள் கத்தி முனையால் தோலை மெல்லத் தூக்கினாள். பழுப்பேறிய சீட்டு வெளியே வந்தது. பார்த்தாள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"என்ன முழிக்கிறே? சத்தமாப் படி!"

சீட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்களே படிச்சிருங்க சார். உங்க கையெழுத்து எனக்கு என்னைக்குத்தான் புரிஞ்சிருக்கு?"