இன்னும் மூணு கப்பல்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில், அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். மாணிக்கராஜ், அவர் மனைவி ஐடா, மகள் ஷைலா, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகன் எல்வின்.

எல்வின் யாரிடமோ ஹெட்போனில் பேசிக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே நின்ற மாணிக்கராஜின் காதில் அது தெளிவாக விழுந்தது.

"விநாயக், ஆஃபர் முடியப் போவுதுடா. இன்னும் மூணு கப்பல்தான் இருக்குது. லைன்ல இரு, போயிடாத."

ஆகாயத்தில் கப்பல் ஓட்டுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு அது. அவ்வப்போது அதில் கப்பல் விற்பனை வரும் என்றும், விளையாட்டுக் கப்பலுக்கு நிஜப் பணமே கட்ட வேண்டும் என்றும் ஷைலா ஒருமுறை சொல்லியிருந்தாள். போன வருஷம் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டில், அவரோடு வேலை பார்த்த எட்மண்டின் மகன் ஆன்லைன் சீட்டாட்டத்தில் எல்லாவற்றையும் தோற்று உயிரை விட்டான். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் மாணிக்கராஜும் ஒருவர். அன்றிலிருந்து எல்வினின் கதவு சாத்தியிருந்தாலே அவர் அதன் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவன் வரவில்லை.

"நான் கேட்டா கையக் காட்டிப் போங்கறான். நீங்க கேளுங்க," என்றாள் ஐடா. அவள் தட்டிலும் சோறு அப்படியே இருந்தது.

அவர் மறுபடி கதவருகே போனார்.

"இன்னும் மூணு இருக்குதுடா. அவசரப்படாத."

சாப்பாட்டுக்கு முன்பும் மூன்று. இப்போதும் மூன்று. மாணிக்கராஜ் சுரங்கம் மூடும்வரை ஷாப்ட் என்கிற குழியின் வாயில் நின்று, கேஜ் கூண்டில் இறங்குகிற ஆட்களையும் ஏறி வருகிற ஆட்களையும் எண்ணியவர். அசைய வேண்டிய எண்ணிக்கை அசையவில்லை என்றால் எங்கேயோ பொய் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

அப்போதுதான் அவருக்கு இன்னொரு பயம் வந்தது. மகன் ஏமாறவில்லை. ஏமாற்றுகிறான். இல்லாத சரக்கைக் காட்டி எவனோ ஒரு பையனை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

பின்பக்கம் போனால், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஷைலா போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் போங்க ரவிகுமாரண்ணா. அவன் லைனை விட்டுப் போயிட்டா அவ்ளோதான்."

அப்பாவைப் பார்த்ததும் கையமர்த்திவிட்டுச் சுவர் ஓரமாக நகர்ந்துகொண்டாள். இவளும் கூட்டா என்று நினைத்தபடி அவர் வீட்டுக்குள் திரும்பினார். எட்மண்ட் வீட்டு வாசலில் சாவுக்கு வந்தவர்கள் உட்காரப் போட்டிருந்த பெஞ்சு கண்முன்னால் வந்தது. நாளை எவன் வீட்டு வாசலிலோ அதே பெஞ்சு. போட வைத்தவன் தன் பிள்ளை.

"பியூஸ் கட்டைய புடுங்கிடுங்க. நெட்டு போச்சின்னா தானா வெளிய வருவான்," என்றாள் ஐடா.

முன்னறையில் மீட்டர் பெட்டியைத் திறந்தார். மூடி கிறீச்சிட்டது. பியூஸ் கட்டையில் கை வைத்தபோது உள்ளறைக் கதவு திறந்தது.

ஹெட்போனோடு எல்வின் நின்றான். அவன் குரல் சிரித்துக்கொண்டிருந்தது.

"கலரு இன்னா வேணும் சொல்லு. மறுபடி மஞ்சள் கேட்டின்னா உன்ன ஆட்டோக்காரன்னுதான் கூப்பிடுவானுங்க."

முகமோ அழுதுகொண்டிருந்தது. மோவாயிலிருந்து கண்ணீர் சொட்டியது. பேச்சை நிறுத்தாமலே, அப்பாவைப் பார்த்து இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டான்.

அப்படி ஒரு முகத்தை மாணிக்கராஜ் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். சுரங்கத்தில் பாறை சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டவனோடு, காற்றுக் குழாயில் வாய் வைத்துக் கிண்டல் பேசிக்கொண்டே அழுதானே கூட வேலை பார்த்த ஆர்தர், அந்த முகம்.

அவர் கை தானாக இறங்கியது. பெட்டியை மூடி, வேறு யாரும் தொட்டுவிடாதபடி அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். என்னவென்று புரியவில்லை.

"மூணு இருக்குதுடா," என்றான் எல்வின். "உனக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். பேசு. இன்னா, பேச மாட்டியா?"

பதில் வரவில்லை போல. ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான். "விநாயக்?"

ஷைலா பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தாள்.

"கதவ ஒடைச்சிட்டாங்க. ரவியண்ணா அவனப் புடிச்சிட்டாராம். உயிரோட இருக்கான்."

எல்வின் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். மூச்சு வந்த பிறகுதான் சொன்னான். விநாயக், அவனோடு அந்த விளையாட்டை ஆடுகிறவன். பெங்களூரில் தனி அறை. வேலை போய் ஒரு மாதமாக யாரிடமும் பேச்சில்லை. இன்று மத்தியானம் கூப்பிட்டு, எல்லாரையும் கேட்டதாகச் சொல்லு, நான் போகிறேன் என்றான். இவர்களோடு விளையாடுகிற ரவிகுமார், அதே ஊரின் மறுகோடியிலிருந்து அவன் அறைக்குப் போய்ச் சேரும்வரை அவனைப் பேச்சில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

"அவங்க அம்மா பேரச் சொன்னேன், கேக்கல. இந்தக் கப்பல்னா அவனுக்கு அப்படி ஒரு ஆசைப்பா. அதான்."

மாணிக்கராஜ் மீட்டர் பெட்டியைப் பார்த்தார். பியூஸ் கட்டையைப் பிடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மகன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மெல்லக் கேட்டார்.

"அந்த மூணுல ஒண்ண அந்தப் புள்ளைக்கு நாமளே வாங்கிக் குடுத்துடலாமா? என் பென்ஷன்ல முடியுமா பாரு."

எல்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"விற்பனை போன வாரமே முடிஞ்சிடுச்சிப்பா. மிச்சம் சைபர்."