தள்ளாடி மாமா

வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள் மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து விறுவிறுவென்று நடந்து வந்த வேகத்தில் கதவைத் தட்டவும் தோன்றவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா ஜன்னலோர மேஜையில் குனிந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் கை நடுங்குவதில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையில் கசங்கிக் கிடந்த நாளிதழ்த் துண்டை அவர் வரைந்துகொண்டிருந்த தாளின் மேலேயே விட்டெறிந்தாள்.

'தள்ளாடி மாமா'. குடித்துச் சீரழிந்து, சிகிச்சை இல்லத்தில் கிடந்து எழுந்து வந்த மனுஷர், தன் கதையைத் தானே நாலு நாலு கட்டமாக வரைகிற சித்திரத் தொடர். என்ன நேர்மை, என்ன துணிச்சல் என்று ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

இன்றைக்கு வந்திருந்தது அவளுடைய சின்ன வயசுப் பள்ளி ஆண்டுவிழா.

முதல் கட்டத்தில் மாமா மேடையேறுகிறார். அடுத்ததில், பறவை வேஷம் போட்ட மகளிடமிருந்து மைக்கைப் பிடுங்கிப் பாடுகிறார். அப்புறம் திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டு உருள்கிறார். கடைசியில் அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. குட்டிப் பறவையும் சிரிக்கிறது.

அதை வெட்டிப் பரிசோதனைக் கூடத்துக் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். "இது நீதானே?" என்று கூட வேலை பார்க்கிறவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதைப் பிய்த்தெடுத்துக்கொண்டு கிளம்பியவள்தான்.

"நான் சிரிச்சேனா? நீங்க பாத்தீங்களா?"

அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"பயத்துல நின்ன இடத்துலயே உடுப்பெல்லாம் நனைஞ்சுபோச்சு. அத்தனை பேர் முன்னாடி. அதை எந்தக் கட்டத்துல போட்டிருக்கீங்க?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். பழைய மாதிரி எகிறிக் கத்துவார் என்றே நினைத்தாள். கத்தினால் தேவலை போலிருந்தது. அவரோ வழி தவறி வந்தவர்போல விழித்தார்.

"எல்லாரும் சிரிச்சாங்களாமே?"

சிரிச்சாங்களாமே.

வாயில் திரண்டு நின்ற அடுத்த வசவு அப்படியே நின்றுவிட்டது.

"எனக்கு அந்த நாள்ல நடந்தது எதுவுமே ஞாபகம் இல்லம்மா," என்றார் அப்பா. "தினமும் சாயங்காலம் உங்கம்மாவை உக்கார வெச்சுக் கேக்கறேன். அவ சொல்லச் சொல்லத்தான் வரையறேன்."

சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றிருந்தாள். வேண்டாம் என்று தலையை மட்டும் மெல்ல அசைத்தாள்.

அந்தக் கெஞ்சலைப் பார்த்ததும் மகளுக்கு உச்சந்தலை கொதித்தது. அப்பா மேல் வந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பட்டதெல்லாம் பட்டுவிட்டு, அதையும் அவர் மனசு நோகாதபடி சிரிப்பாக்கி ஊட்டிவிட்டுக்கொண்டிருக்கிறாளா, இந்தப் பொம்பளை?

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெற்றுத் தாள் ஒன்றை உருவி அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"யாரும் சிரிக்கலப்பா. உங்களைக் கீழ இறக்கணும்னு அம்மா மேடைக்கு ஓடிவந்தாங்க. படிக்கட்டுகிட்ட நின்னு உங்க கையைப் பிடிச்சாங்க. அங்கேருந்து வரைங்க. நான் சொல்றேன்."

அப்பா பென்சிலை எடுத்தார். தாளில் வைக்கவில்லை.

மெல்லத் திரும்பி, மனைவியின் இடது கையைப் பார்த்தார். ஆண்டுவிழா அன்று ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்து முறிந்தது, அதனால்தான் கோணலாகவே கூடிவிட்டது என்று இத்தனை வருஷமும் அவர் நம்பியிருந்த கை.