ஹீட்டருக்கு ஒரு கழுத்து

ஹீட்டரின் அடிப்பக்கத் துணியை யாரோ கத்தரியால் வெட்டியிருந்தார்கள்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த மாரிச்செல்வம் குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டான். முந்தாநாள்தான் பார்த்துப் பார்த்துப் போர்த்தியிருந்தான்.

யாரோ என்ன யாரோ. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவனுக்கு நிட்டிங் மிஷினில் ராத்திரி வேலை. விஜயராணி பனியன் கம்பெனியில் டெய்லர், பகல் வேலை. அவன் வரும்போது அவள் கிளம்பிப் போயிருப்பாள்.

ராத்திரி ஷிஃப்ட் அவனே கேட்டு வாங்கியது. பேசாத முகத்துக்கு எதிரே உட்கார்ந்து எத்தனை நாள்தான் சோறு இறங்கும்?

எல்லாம் தங்கை மகன் காதுகுத்தில் வந்த வினை. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைக்கும் நேரம், விஜயராணி அவன் பக்கத்தில் உட்காரப் போனாள்.

"புள்ள பெறாதவளுக்கு அங்க என்ன சோலி? தள்ளி நிக்கச் சொல்லுல" என்றாள் அவன் அம்மா.

அவன் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவளும் அவனிடம் வாயைத் திறக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுசன் தண்ணீர் சுடவைத்தான். வேலைக்குக் கிளம்புமுன் ஹீட்டரைப் போட்டு, காய்ந்ததும் அணைத்துவிட்டுப் போவான். ஓவர்டைம் முடிந்து இடுப்பு வலியோடு வருகிறவள் ஊற்றிக்கொள்ளட்டும் என்று.

வீட்டு ஓனரம்மா ரங்காத்தாள்தான் அதில் மண்ணை அள்ளிப் போட்டாள்.

"ஏனுங்க தம்பி, உங்க ஊட்டுக்காரம்மா வெளிக்குழாயில பச்சத்தண்ணி புடிச்சுட்டுப் போயித்தான் குளிக்குதுங்க. ஹீட்டரு ரிப்பேருங்களா?"

மார்கழிப் பனியில் பச்சைத் தண்ணீர். அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனசு லேசில் ஒத்துக்கொள்ளுமா? பழைய ஹீட்டர், சூடு தங்காது, அவள் வருவதற்குள் ஆறிப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கம்பெனியில் கழித்துப்போட்ட, குளிருக்குப் போடும் தடித்த ஃப்ளீஸ் துணியை மடித்து மடித்துச் சுற்றினான். சூடு துளியும் போகக் கூடாதென்று அடிப்பக்கத்தையும் சேர்த்து, நாடா போட்டு மூட்டையாகக் கட்டினான்.

சூடு போகவில்லை. நேற்றுக் காலையில் குழாயைத் திறந்தபோது தண்ணீர் வெதுவெதுவென்றே வந்தது. அவள் தொடவே இல்லை. அதை ஊற்றிக்கொண்டபோது அவனுக்கு அழுகை வந்தது.

இன்றைக்கு வெட்டியே போட்டுவிட்டாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தான்.

வெட்டிய ஓரத்தில் ஒரு பிசிறில்லை. டீ சர்ட்டுக்குக் கழுத்து வைப்பதுபோல் சுற்றிலும் ரிப் துணி வைத்துத் தைத்து, திரும்பவும் மாட்டியிருந்தாள். சுற்றியிருந்த துணியெல்லாம் அவன் சுற்றியபடியே இருந்தது. ஒயர் நுழையும் இடமும் சிவப்பு விளக்கும் ஆவி போகிற வால்வும் மட்டும் காற்றாட வெளியே தெரிந்தன.

அதையெல்லாம் மூடிக்கட்டினால் சூடேறித் தீப்பிடிக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

இறங்கி வந்து குழாயைத் திறந்து கையை நீட்டினான்.

பச்சைத் தண்ணீர்.

கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தான். பச்சைத் தண்ணீரேதான். ராத்திரி அவன் வைத்துவிட்டுப் போன வெந்நீர் முழுவதையும் அவள் ஊற்றித் தீர்த்திருந்தாள்.

அவன் ஹீட்டரைப் போடவில்லை. அந்தத் தண்ணீரையே வாளி நிறையப் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டான். பல் தந்தியடித்தது.

யாருமில்லாத வீட்டில் வாயைத் திறந்து, "ராணி" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தான்.