கடைசித் துண்டு

"உவ்வே"ன்னு வாய்விட்டே சொல்லிட்டா.

லேப் ஹெட் நிமிந்து பாத்தாரு. "என்னம்மா?"

"நீங்க இப்ப சொன்னதுதான் சார்."

அவர் சொன்னது இதுதான். பழைய ரிப்போர்ட் தப்புன்னு தெரிஞ்சா, யாராவது வந்து கேட்டா சொல்லுவோம். கேக்கலைன்னா கம்முன்னு இருப்போம்.

ஜீன்ல ஒரு எழுத்து மாறி, அது பாதியில அறுந்து போச்சுன்னா 'நோய் தரும்'னு முத்திரை குத்தணும். எல்லா ஜீனுக்கும் பொதுவா அப்படி ஒரு விதி. மூணு வருஷமா அதை வச்சுதான் இவ ரிப்போர்ட் எழுதினா.

போன வாரம் மார்புக் கேன்சரோட சம்பந்தப்பட்ட ஒரு ஜீனுக்குன்னே தனி விதி வந்துச்சு. இதோட கடைசித் துண்டு அறுந்தா ஒரு கெடுதலும் இல்லையாம். அது இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்.

பழைய ஃபைலை எல்லாம் புது விதியில போட்டுப் பாத்தா. ஒண்ணே ஒண்ணு கவுந்துச்சு. 'நோய் தரும்' போய் 'தீங்கில்லை'.

அந்த ரிப்போர்ட்டை நம்பி ஒருத்தி ரெண்டு மார்பையும் எடுத்துக்கிட்டா. கேன்சர் வந்துடக் கூடாதுன்னு.

"எடுத்ததைத் திருப்பி ஒட்டவா முடியும்? சொல்லி என்ன ஆகப்போகுது?"

பல்லு குத்திக்கிட்டே கேட்டாரு. குத்தி எடுத்ததை வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துட்டு, மறுபடி வாயிலயே போட்டுக்கிட்டாரு.



"நீங்கல்லாம் மனுஷன்தானா சார்? அவங்க உடம்பு சார் அது!"

"சரிம்மா தாயே. நீயே சொல்லு." ஃபோனை இவ பக்கம் தள்ளினாரு.

நம்பரை ஃபைல்ல பாக்கல. விரல் தானாப் போச்சு.

"சொல்லுடி!" வாஷிங் மெஷின் சத்தத்துக்கு மேல அக்கா கத்தினா. "உனக்கு நூறு ஆயுசு. இப்பதான் உன் மாமாகிட்ட சொல்லிட்டிருந்தேன். அன்னிக்கு நீ மட்டும் ஆபரேஷனுக்கு என்னைத் தரதரன்னு இழுத்துட்டுப் போகலைன்னா, நான் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பேன்."

 

"சும்மாதான்க்கா. குரல் கேக்கணும் போல இருந்துச்சு."

ஃபோனை வச்சா.

அவர் கம்ப்யூட்டர்ல காலியா இருந்த கட்டத்தை மட்டும் காட்டினாரு. 'நோயாளிக்குத் தெரிவிக்கப்பட்டதா?'

'ஆம்'னு அடிச்சா.