ஈரத் தரை

இன்பமலரின் இடுப்பை முறித்தது யார் என்று வார்ட்டில் எல்லாருக்கும் தெரியும். சொன்னதே மருமகள் நிரோஷினிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், அவசர அவசரமாகக் குசினியைத் துடைத்து விட்டிருந்தாள். தரை காய முந்தி மாமி தேத்தண்ணி போட வந்தார். விழுந்தார். அவ்வளவுதான்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மறுநாள் நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் அவளுக்கு வேலை தொடங்க இருந்தது. கலியாணம் முடித்துப் பதினொரு வருடத்தில் கிடைத்த முதல் வேலை. ஹோட்டல் யூனிஃபோர்ம் சட்டைக்கு அளவுகூடக் கொடுத்திருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் போகவில்லை. ஒப்பரேஷன், பிறகு இந்தப் பிசியோ வார்ட். இரண்டு மாதமாக மாமிக்குக் குளிக்க வார்ப்பதும், தலை இழுத்துப் பின்னிவிடுவதும், நடை பழக்குவதும் அவள்தான்.

மாமியின் மகள், மச்சாள் தினுஷா மட்டக்களப்பிலிருந்து தோடம்பழத்தோடு வந்து, நாலு கட்டிலுக்குக் கேட்கக்கூடியதாகச் சொன்னாள்.

"வேலை வேலையெண்டு பறந்தா, வீட்டில இருக்கிறதுகளின்ர எலும்புதான் முறியும்."

புருஷன் கிருஷாந்தன் அப்படியெல்லாம் கதைக்கவில்லை. துறைமுகத்தில் வேலை முடிந்து வருவான், தாயின் காலைத் தடவுவான், மனைவியின் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவான்.

மாமி ஒருத்தர்தான் அவள் பக்கம்.

"அவளை ஒண்டும் சொல்லாதேங்கோ. நான் எப்பவோ மன்னிச்சிட்டன்," என்பார், செபமாலையை உருட்டிக்கொண்டு.

கை முறிந்து கட்டுப் போட்டிருந்த பக்கத்துக் கட்டில் கனகம்மா, இப்படியொரு மாமி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நாளுக்கு இரண்டு தரம் சொல்வாள். தினுஷாவின் பேச்சை நிரோஷினியால் தாங்க முடிந்தது. இதைத்தான் முடியவில்லை.

அன்று காலை ஹோட்டலிலிருந்து திரும்பவும் ஃபோன் எடுத்தார்கள். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். வேறு ஆளைப் போடச் சொல்லிவிட்டு நிரோஷினி ஃபோனை வைத்தாள். மாமி கண்ணை மூடிப் படுத்திருந்தார். செபமாலை மட்டும் நகர்ந்தது.

பத்து மணிக்குப் பிசியோ மிஸ் நஜ்முன் நிஸா வந்தாள். வீட்டுக்கு விடுவதற்கு முன், இன்னொரு தரம் விழாமல் இருக்கச் சில விஷயம் கேட்க வேண்டுமாம்.

"எப்படி விழுந்தவங்க?"

"தரை ஈரம், மிஸ். நான்தான் துடைச்சு விட்டனான்," என்று நிரோஷினி பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள்.

மிஸ் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எலும்பு உள்ளுக்குக் கோறையாக, வெறும் கூடாகப் போயிருக்கிறது என்றாள். இப்படியானவர்களில் சிலருக்கு நின்றபடி சும்மா திரும்பினாலே முறிந்துவிடும், ஆள் விழுவது அதற்குப் பிறகுதான், சனம் விழுந்ததால் முறிந்தது என்று நினைக்கும் என்று விளங்கப்படுத்தினாள்.

"அம்மா, வழுக்கித்தான் விழுந்தீங்களா?"

"ஆருக்கு ஞாபகம், மகள்," என்றார் இன்பமலர்.

மிஸ் கனகம்மாவிடம் போனாள். நடக்கிற நேரம். மாமி வோக்கரைப் பிடிக்க, நிரோஷினி அவர் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஜன்னலுக்கு அப்பால் துறைமுகத்தில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது.

ஆறாம் அடியில் நிரோஷினிக்கு மாமி வீட்டில் போடும் சோட்டி ஞாபகம் வந்தது. அன்றைக்கு மாமியைத் தூக்கியபோது அவர் உடுத்திருந்த சோட்டியில் ஒரு சொட்டு ஈரமும் இருக்கவில்லை.

"மாமி, நீங்கள் ஈரத்தில கால் வைச்சனீங்களோ?"

வோக்கர் நின்றது.

"இல்லைப் பிள்ளை. குசினி வாசல்ல நிண்டு திரும்பினனான். உள்ளுக்கு டக்கெண்டு ஒரு சத்தம். பிறகுதான் விழுந்தனான்."

நிரோஷினியின் கை தளர்ந்தது. மாமி ஒரு பக்கம் சரிந்தார். உடனே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

இன்பமலர் வோக்கரை ஓர் அடி முன்னுக்குத் தள்ளினார்.

"சொல்லியிருந்தா நீ வேலைக்கெல்லோ போயிருப்பாய்."