முதல் பக்கம்

“வந்துடுச்சு சார், உங்க வாரிசு கேஸு” என்றார் பியூன் அண்ணாதுரை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தீயணைப்பு அலுவலக எழுத்தர் ரகுபதி நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி வாசலில் நின்றாள் கனகம்.

இது பதினேழாவது தடவை. அவர் எண்ணி வைத்திருந்தார்.

“வாரிசு சான்றிதழ் எங்கம்மா?”

“மறந்துட்டேன் சார்.”

ரகுபதிக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது.

இவளுடைய ஒரே மகன் வசந்தகுமார் தீயணைப்புத் துறையில் இருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முன், மண்ணூர் பக்கம் ஒரு பெயின்ட் கம்பெனி எரிந்தபோது உள்ளே போனவன் திரும்பவில்லை. கல்யாணம் ஆகாதவன். அரசாங்கம் தரும் தொகையும் மாதாமாதம் வரும் பென்ஷனும் இந்த அம்மாவுக்குத்தான். எல்லாத் தாளும் சேர்ந்துவிட்டது. தாசில்தார் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு தாள் மட்டும்தான் பாக்கி.

“கேன்டீன்ல பாத்திரம் கழுவி கையெல்லாம் வெந்து கீது. வடக்குப்பட்டுலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றே. ஒரு பேப்பரை எடுத்தாரத் துப்பில்லையா உனக்கு?” என்றார் அண்ணாதுரை.

“இல்லண்ணா... அவசரத்துல...”

அவள் பார்வை மேஜை மேலிருந்த கட்டின் மீதே இருந்தது.

“சார், இன்னிக்கு ஃபைலு பிரிக்கலீங்களா?”

ரகுபதிக்கு ஒரு பழக்கம். எந்த ஃபைலை எடுத்தாலும் முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தால்தான், எது விடுபட்டிருக்கிறது என்று அவருக்குப் பிடிபடும். ஆபீஸில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். அவர் படிக்கும்போது கனகம் கண்ணை மூடிக்கொள்வாள். அசதியில் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

இன்று அவர் நாடாவைக்கூட அவிழ்க்கவில்லை.

“பிரிச்சு என்னம்மா பண்றது? மேலிடத்துலேர்ந்து கடிதம் வந்துடுச்சு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அந்தத் தாள் வரலேன்னா முடிச்சு வைக்கச் சொல்லிட்டாங்க.”

“முடிச்சு வைக்கிறதுன்னா?”

“கட்டி பரண்ல போட்டுடுவோம். உனக்கு ஒரு பைசா வராது.”

கனகம் மஞ்சள் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“தாளைக் குடுத்துட்டா?”

“எல்லாம் சாங்ஷன் ஆகி உன் கைக்கு வரும். அப்பவும் ஃபைலை மூடிடுவோம். நீ இந்தப் படியேற வேண்டிய வேலையே இல்ல.”

“ரெண்டுலயும் மூடிடுவீங்களா?”

“மூடாம? தெறந்து வச்சு மாலை போடுவாங்களா?” என்றார் அண்ணாதுரை.

கனகம் மஞ்சள் பைக்குள் கையை விட்டாள். ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அதற்குள்ளிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

ரகுபதி பிரித்தார். கோபுர முத்திரை, தாசில்தார் கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தது. தேதியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

வசந்தகுமார் இறந்த நாற்பத்தெட்டாம் நாள் வாங்கிய சான்றிதழ்.

“இதைப் பையிலயே வச்சுக்கிட்டுத்தான் பதினேழு தடவையும் மறந்துட்டேன்னு சொன்னியா?” அவர் குரல் உயர்ந்தது. “எங்களைப் பார்த்தா எப்படி இருக்கு உனக்கு?”

“தப்புதான் சார். கோச்சுக்காதீங்க.”

“எதுக்கும்மா இப்படிப் பண்ணே?”

கனகம் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

“தெருவுல யாரும் அவன் பேரையே எடுக்கறதில்ல சார். எடுத்தா நான் அழுவேனாம். நல்ல மனசோடதான். கேன்டீன்லயும் நான் போனா பேச்சை மாத்திடுவாங்க. ஊட்டுல யாரு கீறாங்க, நானும் செவுரும்தான்.”

மின்விசிறி கடகடத்தது. அண்ணாதுரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நீங்க ஒருத்தர்தான் சார், அவங்கப்பா பேரோட சேத்து அவன் பேரைச் சொல்வீங்க. ரெண்டு பேரை வெளிய தூக்கியாந்தான், மூணாவது ஆளுக்காக மறுபடியும் உள்ள போனான்னு சத்தமாப் படிப்பீங்க.”

ரகுபதி சான்றிதழை ஃபைலுக்குள் வைக்கக் கையை நீட்டினார். அவள் மெல்ல அந்த ஃபைலைத் தொட்டாள்.

“கடைசியா ஒரு தபா மேலேர்ந்து படிச்சுடுங்க சார். அப்பறம் மூடிக்கங்க.”