துணைக்கு ஒரு படகு

“இடது பக்கம் திரும்பி மூச்சு இழுக்காதே! அலை அந்தப் பக்கம்தான் வருது!”

சின்னப் படகில் உட்கார்ந்தபடி கத்தினார் கணவர். சொல்லி முடிப்பதற்குள் அலை வந்து அவள் முகத்தில் அறைந்தது. ஒரு வாய் உப்புத் தண்ணீரை விழுங்கி, இருமி, துப்பிவிட்டு அவள் தலையைத் தூக்கினாள்.

“கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு வர்றீங்களா?”

“உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்!”

“நல்லதெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. காதெல்லாம் தண்ணி எனக்கு.”

படகின் பின்னால் இருந்த கயிற்றுப் பிடியை ஒரு கையால் பற்றியிருந்தாள். கால்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. விடியும்போது பரம சாதுவாகக் கிடந்த கடல், போட்டி தொடங்கியதும் குணம் மாறிவிட்டது. ஆளுயர அலை. ஆரஞ்சு நிற மிதவை ஒரு நொடி தெரிந்தால் அடுத்த நொடி காணாமல் போனது.

முதலில் கடல் நீச்சல், அப்புறம் சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் போட்டி. அதற்காக மருந்துக்கடையைத் திறப்பதற்கு முன்னால் நீச்சல் குளம், மூடிய பிறகு சைக்கிள் என்று இரண்டு வருடமாக உடம்பைப் பிழிந்திருந்தாள். கடல் கொந்தளித்தால் என்ன செய்வது என்பதும் அத்துப்படி. அலையோடு மல்லுக்கட்டக் கூடாது. கைவீச்சைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அலை நம்மை மேலே தூக்கும்போது மட்டும் நிமிர்ந்து மிதவையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணவரை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

அவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். “உன்னைக் கடல்ல விட்டுட்டு நான் கரையில நின்னு வேடிக்கை பார்க்கணுமா?” என்று ஒரு மாதமாக அடம்பிடித்து, போட்டி நடத்துபவர்களை நச்சரித்து, நீந்துபவர்களுக்குத் துணையாகப் போகும் படகுகளில் ஒன்றை எப்படியோ வாங்கிவிட்டார்.

“அலை எப்பவும் நேரா வராதும்மா. காத்து அடிக்கிற கோணத்தைப் பொறுத்து...”

“இன்னொரு பாடம் எடுத்தீங்க, கையை விட்டுடுவேன்!”

“ஐயையோ! விட்டுடாதே! கெட்டியாப் பிடிச்சுக்கோ!”

அவர் குரல் நிஜமாகவே நடுங்கியது. அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

கொஞ்சம் தள்ளி நடுவரின் மோட்டார் படகு அலைகளுக்கு நடுவே தலைகாட்டியது. ஒலிபெருக்கி அலறியது.

“மஞ்சள் தொப்பி அம்மா! படகைப் பிடிச்சு இளைப்பாறலாம். பிடிச்சுக்கிட்டே முன்னேறக் கூடாது! விடலேன்னா போட்டியிலேர்ந்து நீக்கிடுவோம்! உதவி ஏதாவது வேணுமா?”

பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அலைதான் உள்ளே போனது. அதற்குள் கணவர் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

“ஒண்ணும் வேணாம் சார்! நாங்க பார்த்துக்கறோம்!”

மோட்டார் படகு வேறு யாரையோ தூக்கத் திரும்பிப் போய்விட்டது.

“ஏங்க அப்படிச் சொன்னீங்க?” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அத்தனை பேர் முன்னாடி மானம் போகணுமா?”

“உங்களுக்கு மானம் பெரிசாப் போச்சு. எனக்கு ரெண்டு வருஷம் போகுது!”

மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போயின. பயிற்சியில் ஒருநாளும் அவளை முந்தாதவர்கள்கூட. இப்போது கையை விட்டால் இவர்களை எட்டிப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. கயிற்றைப் பார்த்தாள். படகின் இரண்டு விளிம்புகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரின் முதுகைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கயிற்றை விடாமல் காலை உதைத்தாள்.

ஒருவழியாக முழங்காலில் மணல் தட்டியது. யாரோ ஓடிவந்து துண்டைப் போர்த்தினார்கள். மோட்டார் படகில் முன்னமே கரைக்கு வந்திருந்த நடுவர் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“மன்னிக்கணும்மா. ஒலிபெருக்கில சொல்லியும் நீங்க படகை விடல. உங்களை நீக்கியாச்சு.”

அவள் தொப்பியைக் கழற்றினாள். வாதாடத் தெம்பில்லை. சைக்கிள்கள் புறப்படும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

“விடுங்கம்மா, போட்டி அடுத்த வருஷமும் வரும். இப்படி நடுக்கடல் வரைக்கும் கூடவே வந்து பத்திரமாக் கரைசேர்க்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பாரு?”

அவள் முறைத்த முறைப்பில் அந்தப் பெண்மணி இரண்டடி பின்வாங்கினாள்.

படகைத் திருப்பி எடுத்துப்போக வந்த ஊழியர் உள்ளே எட்டிப் பார்த்தார். கவிழ்த்தும் பார்த்தார்.

“துடுப்பு எங்க சார்?”

கணவர் மணலைப் பார்த்தார். “கிளம்பின கொஞ்ச நேரத்துலயே அலை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு.”

“துடுப்பு இல்லாமலா இவ்வளவு தூரம் வந்தீங்க? தண்ணில இறங்கித் தள்ளிக்கிட்டே வந்தீங்களா? பலே ஆளு சார் நீங்க!”

“நான் எங்கங்க தள்றது?” பதில் தெரியாமல் வகுப்பில் எழுந்து நிற்கும் பையனைப் போல, மனைவியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். “அவதான் என்னை வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தா. எனக்கு நீச்சல் தெரியாதுங்க.”